சட்டையை உள்ளே செருகும் ஷரத்து

அன்று காலை டோவர்டன் பல்கலைக்கழகத்தில், வீரர்களின் விளம்பர ஒப்பந்தங்களைக் கவனிக்கும் "பெயர், உருவம், சாயல்" அலுவலகத்தில் இருந்தவர்கள் பின்வருமாறு: விளையாட்டுத் துறைத் துணைத் தலைவர் டாக்டர் பிரெஸ்காட் லாக்ரிட்ஜ், விதிமுறை அதிகாரி குமாரி மெரிடித் ஸ்ட்ராண்ட், டிராக்டர் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையின் முதலாளி மெர்ல் ஷூனோவர், அமெரிக்கக் கால்பந்து அணியின் நான்காம் ஆண்டு வீரன் ஆர்வில் ரோடேவால்ட் ஜூனியர், பன்றி வளர்ப்பவரும் தூய பவுல் லூத்தரன் சபையின் மூப்பரும் அவனைப் பெற்றவருமான ஆர்வில் ரோடேவால்ட், அவருடைய மனைவி லவோன், மற்றும் ஒரு முள்ளம்பன்றி.

முள்ளம்பன்றி அணியின் சின்னம். உள்ளே ஒரு மாணவர் இருந்தார். வேடத்தில் இருக்கும்போது பேசக்கூடாது என்பது ஒரு விதி. விளம்பர ஒப்பந்தம் எதுவானாலும் அணியின் சின்னம் சாட்சிக் கையெழுத்து இடவேண்டும் என்பது இன்னொரு விதி. முள்களின் அகலத்துக்கு இரண்டு நாற்காலிகள் தேவைப்பட்டதால் ஜூனியர் நின்றுகொண்டிருந்தான்.

ஆர்வில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு அணிந்து, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகம் கடிதம் போட்டு அழைத்தால் அது மரியாதைக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து வந்தவர் அவர். ரோடேவால்ட் என்ற பெயர் நூற்று முப்பது ஆண்டுகளாக அயோவா மண்ணில் இருக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பு தவிர வேறு எதற்காகவும் அது செய்தித்தாளில் வந்ததில்லை. 1983இல் மட்டும் மாநிலச் சந்தையில் முதல் பரிசு வாங்கியதற்காக ஒருமுறை வந்தது. அப்போதும் படத்தில் இருந்தது பன்றிதான்.

குமாரி ஸ்ட்ராண்ட் மேசைமீது ஒரு பெரிய படத்தை விரித்தார். ஆர்வில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கழற்றி, இன்னொருமுறை துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படம் மாறவில்லை.

ஜூனியரின் வேலை குனிந்து நின்று, தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிவது. பதினைந்து கஜம் தள்ளி நிற்கும் ஒருவன் அதைப் பிடித்து உதைப்பான். ஓர் ஆட்டத்துக்கு ஏழெட்டு முறை இந்த வேலை வரும். அதைச் சரியாகச் செய்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். நான்கு ஆண்டுகளில் தொலைக்காட்சி அவனை இருநூற்றுப் பதினொரு முறை காட்டியிருந்தது. ஒருமுறைகூட முகத்தைக் காட்டியதில்லை. அலுவலகத்தின் நியாய மதிப்பீட்டுக் குழு மாநிலம் முழுவதும் ஆளனுப்பி விசாரித்ததில், அவன் முகத்தை அடையாளம் கண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவனுடைய பேராசிரியர்களும் அதில் அடக்கம். பின்புறத்தை அடையாளம் கண்டவர்கள் நூற்றுக்கு முப்பத்தொன்று.

மேசைமீது இருந்தது அந்தப் பின்புறம். மேலே சிவப்புச் சட்டையில் கொட்டை எழுத்தில் ரோடேவால்ட் என்ற பெயர். கீழே, "எங்கள் இருக்கை தாங்கும்" என்ற வாசகம். சட்டை மேலேறி, கால்சட்டை கீழிறங்கி, நடுவே இரண்டு அங்குலத்துக்கு ரோடேவால்ட் குடும்பத்துத் தோல் வெளியே தெரிந்தது.

இது நெடுஞ்சாலை ஓரத்தில், நாற்பது அடி அகல விளம்பரப் பலகையாக வரப்போகிறது. இடமும் பார்த்தாகிவிட்டது. தூய பவுல் தேவாலயத்துக்கு நேர் எதிரே.

ஆர்வில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார். ஷூனோவர்தான் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"கோவிச்சுக்காதே ஆர்வில். உன்னை மாதிரி ஆளுங்க முப்பது வருஷமா என் சீட்டுலதான் உக்காந்திருக்கீங்க. நான் யாரோட மூஞ்சியையாவது பாத்திருக்கேனா? என் தொழில்ல மூஞ்சிக்கு வேலையே இல்லப்பா."

டாக்டர் லாக்ரிட்ஜ் எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்தபடி பேசி யாரும் கேட்டதில்லை.

"சார், இருபத்திரண்டு வருஷமா நான் இந்தத் துறையில இருக்கேன். முதல் பதினெட்டு வருஷம், மாணவன் காசு வாங்கினா அது கேவலம்னு மேடை மேடையாப் பேசினேன். ஒரு பையன் கடைக்காரர் கிட்ட ஓசியில ஒரு ஹாம்பர்கர் வாங்கித் தின்னான். நானே அவனை அணியை விட்டு அனுப்பினேன். அழுதுகிட்டே போனான். இப்ப சட்டம் மாறிடுச்சு. இப்ப காசு வாங்காத பையனுக்கு லட்சியம் இல்லேன்னு மேடை மேடையாப் பேசறேன். ஆளுங்க என்னைக் கேக்கறாங்க, உங்க கொள்கை என்னாச்சுன்னு. என் கொள்கை மாறவே இல்ல சார். அப்பவும் டிக்கெட் காசு எங்களுக்குத்தான், இப்பவும் டிக்கெட் காசு எங்களுக்குத்தான்."

முள்ளம்பன்றி கைதட்டியது. அதற்கும் விதி இருந்தது.

விஷயம் இவ்வளவுதான் என்றால் ஜூனியர் தானே கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஆனால் ஒப்பந்தத்துக்காக அவன் பெயரை வணிகப் பெயராகப் பதிவு செய்யப் போன குமாரி ஸ்ட்ராண்ட், பதிவேடுகளைப் புரட்டி ஒரு சிக்கலைக் கண்டுபிடித்திருந்தார். அதே மாவட்டத்தில் இன்னொரு ஆர்வில் ரோடேவால்ட் அதே பெயரை அனுமதியில்லாமல் அறுபத்தாறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார். ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால், அந்த நபர் ஓராண்டுக்குப் பெயரை விட்டு விலகியிருப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அந்த நபர் யாரு?" என்று ஆர்வில் கேட்டார்.

குமாரி ஸ்ட்ராண்ட் வருத்தத்தோடு பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இந்தப் பேரு எங்க தாத்தாவோடது. எங்க அப்பா எனக்குக் கொடுத்தாரு, நான் இவனுக்குக் கொடுத்தேன். வாடகைக்கு விடறதுக்கு இது டிராக்டர் இல்ல," என்று சொல்லிவிட்டு ஆர்வில் எழுந்தார். எல்லோருக்கும் தலையசைத்தார். முள்ளம்பன்றிக்கும் அசைத்தார். அவர் வளர்ந்த விதம் அப்படி.

ஜூனியர் வாசல்வரை வந்தான். "அப்பா, உங்க இஷ்டம்தான். ஆனா மேற்கு வயலை விக்க வேண்டாமேன்னுதான் பாத்தேன்," என்றான்.

அந்த வயலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஜூனியர் கால்நடை மருத்துவம் படிக்க இடம் வாங்கியிருந்தான். அணியில் அவன் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவன். பந்தைப் பின்னால் எறிபவனுக்கு யாரும் உதவித்தொகை கொடுப்பதில்லை. வீட்டில் வேறு வழியில்லாததால், ஆர்வில் மேற்கு வயல் நாற்பது ஏக்கரையும் வசந்தத்தில் விற்றுவிடுவதாக முடிவு செய்திருந்தார். அது அவருடைய தாத்தா முதன்முதலில் உழுத மண். ஷூனோவரின் ஒப்பந்தப் பணம் நான்கு ஆண்டுப் படிப்புக்கும் போதும். ஆக, பெயர் போக வேண்டும் அல்லது வயல் போக வேண்டும். அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை கெடு.

வீடு திரும்பும் வழியில் லவோன் ஒரு வார்த்தைதான் சொன்னாள்: படத்தில் அந்த இரண்டு அங்குலம் அவளுக்கும் பிடிக்கவில்லையாம். மற்றபடி பையன் நன்றாகத்தான் குனிந்திருக்கிறானாம்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின.

முதல் கடிதம் தபால் பெட்டியைப் பற்றியது. சாலையோரத்தில், பொதுமக்கள் பார்வையில், பதிவு நிலுவையில் உள்ள பெயரைப் பொறித்திருப்பது ஏன் என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வியே அந்தத் தபால் பெட்டியில்தான் வந்து விழுந்தது. இரண்டாவது கடிதம் பிக்கப் வண்டியின் கதவைப் பற்றியது. அதில் "ரோடேவால்ட் பன்றிகள்" என்று எழுதியிருந்தது. அந்தப் பன்றிகள் அணியைச் சேர்ந்தவை என்று ரசிகர்கள் தவறாக எண்ணிவிடக்கூடும் என்று அலுவலகம் கவலைப்பட்டது. மூன்றாவது கடிதம் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ஆர்வில் ரோடேவால்ட் (1871–1938) என்பவரைப் பற்றியது. மேற்படி நபர் இந்தப் பெயரைப் பயன்படுத்துவதற்காக யாரிடமிருந்தாவது ஏதாவது பெற்று வருகிறாரா என்பதைப் பதினான்கு நாட்களுக்குள் அவரே நேரில் தெரிவிக்க வேண்டும்.

ஆர்வில் மூன்றுக்கும் பதில் எழுதினார். மூன்றாவதற்கு எழுதிய பதில் மிகச் சுருக்கமானது: "செய்தியைச் சேர்த்துவிட்டேன். பதில் வந்ததும் தெரிவிக்கிறேன்."

இதற்கிடையே ஜூனியருக்குப் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிகிறதோ இல்லையோ, வகுப்பு கட்டாயம். ஞாயிறுதோறும் அவன் தொலைபேசியில் சொல்லுவான், லவோன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளுவாள். இயல்பாகக் குனிவது எப்படி என்று மூன்று நாள் பாடமாம். முதுகால் நன்றி தெரிவிப்பது எப்படி என்று ஒரு நாளாம். முகத்தை அதிகம் காட்டினால் சரக்கின் தெளிவு கெட்டுவிடும் என்பதால், சாப்பாட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு சிறுமி கையெழுத்துக் கேட்டு வந்தபோது, அவன் திரும்பிப் பார்த்ததும், "ஐயோ, நீங்க இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம்.

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கையில் குமாரி ஸ்ட்ராண்ட் நேரடி ஆய்வுக்குப் பண்ணைக்கு வந்தார். கையில் அளவு நாடா, தோளில் கேமரா, பின்னால் சாட்சிக்கு முள்ளம்பன்றி. பன்றிகள் அதைக் கண்டு பட்டியின் மறுமூலைக்கு ஓடி, சாயங்காலம்வரை அங்கேயே நின்றன.

லவோன் காபியும் ரூபார்ப் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். குமாரி ஸ்ட்ராண்ட் கேக்கை ஏக்கத்துடன் பார்த்தார்.

"மேடம், எனக்கு ஆசைதான். ஆனா வீரனோட குடும்பம் கொடுக்கறதை நான் சும்மா வாங்கக்கூடாது. சந்தை விலை கொடுத்தா வாங்கலாம். சந்தை விலைன்னா மூணு இடத்துல விசாரிச்சிருக்கணும்."

அவர் விசாரித்தார். பக்கத்துப் பண்ணைகள் மூன்றுக்குப் போய், தன்னைப் போன்ற ஒருவர் வந்தால் காபிக்கும் கேக்குக்கும் என்ன வாங்குவீர்கள் என்று கேட்டார். முதல் இரண்டு வீட்டில் அவரை உட்காரவைத்து, ஒன்றும் வேண்டாம், சாப்பிடு பெண்ணே என்றார்கள். மூன்றாவது வீட்டில் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். மூன்று மதிப்பீடுகளின் சராசரி பூஜ்யம் என்பதால் குமாரி ஸ்ட்ராண்ட் திரும்பிவந்து, பூஜ்யம் டாலருக்கு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன காபியைக் குடித்தார். கேக்கை மட்டும் இரண்டாம் முறை வாங்கினார். அதற்கும் ரசீது கொடுத்தார். முள்ளம்பன்றி இரண்டிலும் கையெழுத்திட்டது.

போகும்போதுதான் அவர் கண்ணில் அந்த அறிவிப்பு பட்டது: தூய பவுல் சபையின் அறுவடை விருந்து, ஞாயிறு மாலை, ஒருவருக்குப் பன்னிரண்டு டாலர்.

"அங்க உங்க பேரு எங்கயாவது இருக்குமா, மேடம்?"

லவோன் பொய் சொல்லத் தெரியாதவள். "பாத்திரத்துக்கு அடியில இருக்கும்," என்றாள்.

அந்த ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். விருந்துக்கோ துக்க வீட்டுக்கோ பாத்திரத்தில் உணவு கொண்டுபோனால், அடியில் காகித டேப்பை ஒட்டி, பேனாவால் குடும்பப் பெயரை எழுதிவிடுவார்கள். கழுவியபின் யார் வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே. ஆனால் விதிமுறைப் புத்தகத்தின்படி, கட்டணம் வசூலிக்கும் நிகழ்ச்சியில் பதிவு நிலுவையில் உள்ள பெயர் எந்தப் பொருளின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அது வணிகப் பயன்பாடு.

ஞாயிறு மாலை சபைக் கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். குமாரி ஸ்ட்ராண்ட் வாசலில் பன்னிரண்டு டாலர் கொடுத்து முறையாகச் சீட்டு வாங்கிக்கொண்டு, முள்ளம்பன்றியுடன் உள்ளே வந்தார். டாக்டர் லாக்ரிட்ஜும் வந்திருந்தார். இருநூறு பேர் கூடும் இடத்தில் பேச ஒரு வாய்ப்பு கிடைக்கலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நீண்ட மேசையில் நாற்பத்து மூன்று பாத்திரங்கள், எல்லாம் சூடாக, எல்லாம் நிறைந்து இருந்தன.

"எல்லாருடைய அடியையும் பாக்கணும்," என்று குமாரி ஸ்ட்ராண்ட் பணிவுடன் சொன்னார்.

லூத்தரன்கள் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிகிறவர்கள். ஆளுக்கொரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பாத்திரங்களைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். குமாரி ஸ்ட்ராண்ட் கீழே குனிந்து, கைவிளக்கு அடித்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். லவோனின் உருளைக்கிழங்கு ஹாம் பாத்திரத்தில் ரோடேவால்ட். அதைக் குறித்துக்கொண்டார். அடுத்தது திருமதி எங்கெல்கே கொண்டுவந்த பச்சை அவரை. அதற்கடியிலும் ரோடேவால்ட். நாலு ஆள் தள்ளி, போதகர் வீட்டு நூடுல்ஸ். ரோடேவால்ட்.

சிலர் பாத்திரத்தை மெல்லக் கீழே இறக்கப் பார்த்தார்கள்.

"தூக்குங்க," என்றார் குமாரி ஸ்ட்ராண்ட்.

மொத்தம் பதினொரு பாத்திரங்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளாக எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், யார் இறந்தாலும், யாருக்கு எலும்பு முறிந்தாலும் லவோன் அன்று மாலை ஒரு பாத்திரத்துடன் போய் நிற்பாள். திருப்பித் தருவதாகச் சொன்னவர்களில் சிலர் திருப்பித் தரவில்லை. திருமதி எங்கெல்கேயின் பாத்திரம் அவர் கணவர் இறந்தபோது போனது. பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. திருடும் எண்ணம் யாருக்கும் இல்லை. நாளை கொடுக்கலாம் என்று எடுத்துவைத்து, அதில் சமைக்கத் தொடங்கி, அதைத் தங்களுடையது என்றே நம்பி, இன்று தைரியமாக விருந்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அடியை யார் பார்க்கப் போகிறார்கள்?

"இது தனிப்பட்ட மீறல் இல்ல," என்றார் டாக்டர் லாக்ரிட்ஜ், தொண்டையைச் செருமிக்கொண்டு. அவருக்கு வாய்ப்பு கிடைத்துவிட்டது. "இது மாவட்டம் முழுக்கப் பரவின ஒரு வலைப்பின்னல். எங்க அலுவலகம் நாலு வருஷமா, ரெண்டு கோடி செலவு பண்ணி, அணியோட பேரை எல்லா வீட்டுச் சமையலறைக்குள்ளயும் கொண்டுபோகப் பாக்குது. முடியல. இந்தம்மா ஒரு ரோல் டேப்பை வெச்சுகிட்டு முடிச்சிருக்காங்க. இதை உடனடியாத் தடை பண்ணனும். அல்லது இவங்களை உடனடியா வேலைக்கு எடுக்கணும். எதுன்னு குழு முடிவு பண்ணும்."

லவோன் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் திருமதி எங்கெல்கேயின் கையில் இருந்த பாத்திரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த நீலக் கைப்பிடி. நான் இது ஒடைஞ்சுபோச்சுன்னு நெனச்சேன், பெர்னிஸ்."

"உள்ளே இருக்கிற அவரைக்காயைச் சாப்பிட்டு முடிச்சு, பாத்திரத்தை இப்பவே கொடுத்துடறேன் லவோன்," என்றார் திருமதி எங்கெல்கே, கழுத்துவரை சிவந்து.

ஆர்வில் மேசையின் ஒரு முனையில் நின்றிருந்தார். பதினொரு பாத்திரங்களை, பதினொரு அடிகளைப் பார்த்தார். டேப்புகள் அடுப்புச் சூட்டில் பழுத்து, ஓரம் கருகி, சிலவற்றில் எழுத்து பாதிதான் இருந்தது. தன் பெயர் இவ்வளவு ஆண்டுகளாக இவ்வளவு பேர் வீட்டு அலமாரியில், யாருடைய நூடுல்ஸுக்கோ கீழே கிடந்திருக்கிறது. அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

லவோன் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முப்பத்து நாலு வருஷமா நம்ம பேரை நான் அடியிலதான் ஒட்டிட்டு வர்றேன் ஆர்வில். அதுக்கு மேல என்ன இருந்துச்சுன்னுதான் ஊரு பாத்துச்சு. நீயும் ஒருநாளும் அது கௌரவக் குறைச்சல்னு சொல்லல."

ஆர்வில் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, குமாரி ஸ்ட்ராண்டிடம் போய்ப் படிவத்தைக் கேட்டார்.

"ஓராண்டுக்குத்தானே?"

"ஓராண்டுக்குத்தான் சார்."

"அதுக்கப்புறம் திரும்பி வந்துடும்?"

"பக்கம் பதினேழுல இருக்கு சார்."

அவர் பதினேழாம் பக்கத்தைப் படித்தார். மற்ற பக்கங்களையும் படித்தார்; உருளைக்கிழங்கு ஆறிப்போனது. பிறகு கடைசிப் பக்கத்தின் அடியில், தெளிவான எழுத்தில், ஒரு ஷரத்தைச் சேர்த்தார்: "படத்தில் சட்டையை உள்ளே செருகியிருக்க வேண்டும்." அதற்குக் கீழே முழுப் பெயரையும் எழுதினார். ஓராண்டுக்கு அதுதான் கடைசித் தடவை என்பதால் நிதானமாக எழுதினார். சாட்சிக்காக முள்ளம்பன்றியை ஜாம் வைத்திருந்த மேசையிலிருந்து கூப்பிட வேண்டியிருந்தது.

மேற்கு வயல் தப்பியது. ஷூனோவருக்கு ஷரத்தில் ஆட்சேபம் இல்லை; சட்டை எங்கே இருந்தாலும் இருக்கைக்கு ஒன்றுதான் என்றார். ஆட்சேபம் அலுவலகத்துக்கு இருந்தது. சட்டையைச் செருகினால் சாயல் மாறுகிறது. சாயல் மாறினால் மதிப்பீடு மாறுகிறது. அந்த இரண்டு அங்குலத்துக்கு மட்டும் அறிக்கையில் தனி அத்தியாயம் இருந்தது. டாக்டர் லாக்ரிட்ஜ் ஷரத்தை ஏற்று, அதை ஒரு துணைக்குழுவுக்கு அனுப்பினார். செருகல் துணைக்குழு ஏப்ரலில் கூடும் என்று தெரிவித்தார்கள். அதுவரை பழைய படம் போகட்டும். நவம்பர் முதல் வாரத்தில் அது தேவாலயத்துக்கு எதிரே ஏறியது, இரண்டு அங்குலத்தோடு. நாற்பது அடிப் பலகையில் இரண்டு அங்குலம் ஒரு முழம் ஆகிவிட்டது.

ஆர்வில் வாக்குத் தவறுகிறவர் அல்லர். தபால் பெட்டியில் பெயரை அழித்தார்; கடிதங்கள் ஒன்றுகூடத் தவறாமல் வந்தன. வண்டிக் கதவில் "பன்றிகள்" மட்டும் மிச்சம் இருந்தது, யாரும் குழம்பவில்லை. லவோன் பாத்திரங்களின் அடியில் பெயர் எழுதாத வெறும் டேப்பை ஒட்டினாள். அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை, அந்த ஆண்டு பாத்திரங்கள் மறுநாளே திரும்பி வந்தன.

நவம்பர் மூன்றாம் வாரத்தில் பலகையில் அந்த ஒரு முழத் தோல் காணாமல் போனது. அங்கே சட்டையின் சிவப்பு கால்சட்டைவரை இறங்கியிருந்தது. அணியின் சிவப்பும் தானியக் கொட்டகைகளுக்கு அடிக்கும் சிவப்பும் அந்தப் பகுதியில் ஒரே டப்பாவில்தான் வரும். குமாரி ஸ்ட்ராண்ட் அளவு நாடாவுடன் வந்து பார்த்தார். எதிரே தேவாலயத்தில் ஒரு காபி குடித்தார். "பருவநிலை காரணமான நிற மாற்றம்" என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார். அந்தச் சிவப்பு இன்றும் இருக்கிறது.

இதைப் பற்றி ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. ஆர்வில் ரோடேவால்ட் நடு இரவில், இரண்டு கோப்பை அருந்திவிட்டு, ஏணி போட்டு ஏறி, யாருக்கும் தெரியாமல் வண்ணம் அடித்தார் என்கிறார்கள். இது தவறு. அது இரவு அல்ல. ஞாயிறு ஆராதனை முடிந்த பகல் பன்னிரண்டரை மணி. ரோடேவால்ட் குடும்பத்தில் யாரும் குடிப்பதில்லை. ஏணி சபையுடையது, போதகரிடம் கேட்டு வாங்கியது. ஆர்வில் ஏறவும் இல்லை. அவர் கோட்டுடன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே தூரிகையோடு நின்றவர் லவோன்.